உலர்ந்த செடிகள் யாருக்கு உரியவை?

விஞ்ஞானத்துக்குத் தேசம் இல்லை, மொழி இல்லை, வர்க்கமும் இல்லை என்று நாம் பள்ளிப்பருவம் தொட்டுக் கேட்டு வருகின்றோம். அரசியல் மேடையிலே பொய் உண்டு, சந்தையிலே வஞ்சனை உண்டு, ஆனால் ஆய்வுகூடத்தின் வாயிலைத் தாண்டியதும் எல்லாம் தூய உண்மையே என்று நம்புவதற்குப் பழக்கப்பட்டிருக்கின்றோம். இந்த நம்பிக்கையைச் சோதிப்பதற்குப் பெரிய கருவிகள் எவையும் வேண்டியதில்லை. தாளில் ஒட்டிய ஒரு காய்ந்த செடி போதும்.

தாவரவியல் பயின்றோர் அந்தத் தாளை அறிவர். காட்டிலோ குளக்கட்டிலோ பூவும் காயும் இலையும் கூடிய ஒரு கிளை வெட்டப்படுகின்றது. அதைத் தாள்களுக்கிடையே வைத்து, பலகையால் அழுத்தி, ஈரம் வற்றும்வரை தாள்களை மாற்றி மாற்றி உலர்த்துகின்றனர். பின்னர் அது தடித்த தாளொன்றில் ஒட்டப்படுகின்றது. தாளின் மூலையிலே ஒரு சிறு சீட்டு: செடியின் இலத்தீன் பெயர், கிடைத்த இடம், நாள், சேகரித்தவரின் பெயர். இத்தகைய தாள்களை முறைப்படி அடுக்கிக் காக்கும் இடமே ஹெர்பேரியம், அதாவது உலர் தாவரச் சாலை. பூச்சியும் ஈரமும் அணுகாது காத்தால் ஒரு தாள் சில நூற்றாண்டுகள் வாழும். ஒரு தாவர இனத்துக்கு முதன்முதலிற் பெயர் சூட்டியபோது ஆதாரமாகக் கொண்ட தாளுக்குத் தனி மதிப்பு உண்டு. அதுவே அப்பெயரின் மூலமாதிரி. இச்செடி எது என்று பின்னாளில் வழக்கு எழுந்தால், தீர்ப்புச் சொல்லும் சாட்சி அந்தத் தாளேயாகும்.

இச்சாட்சியின் பெறுமதியை நாம் குறைத்துப் பேசவில்லை. அதன் மூலையில் உள்ள சீட்டிலே எழுதப்படாத செய்தி ஒன்றைப் பற்றியே பேச விரும்புகின்றோம். அந்தச் செடி நிற்கும் இடத்துக்கு வழிகாட்டியவர் யார்? அதன் பெயரையும் பயனையும் சொன்னவர் யார்? கட்டுக்கட்டாகத் தாள்களைச் சுமந்து மலை ஏறி இறங்கியவர் யார்? சீட்டு மௌனம் சாதிக்கின்றது. அந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

1670 களில் போல் ஹெர்மன் என்னும் மருத்துவர் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கொம்பனியின் ஊழியராகக் கொழும்பில் இருந்தார். கொம்பனிக்கு இலங்கை என்றால் கறுவா. கறுவா என்றால் இலாபம். கறுவா மரத்துக்குச் சேதம் விளைவித்தவனுக்கு மரணதண்டனை வரையும் விதித்த ஆட்சி அது. பட்டை உரிக்கும் சலாகம மக்கள் கட்டாய ஊழியத்தின் பேரிற் காடுகளுக்குள் அனுப்பப்பட்டனர். அந்தக் காலத்திலேயே ஹெர்மன் இலங்கைச் செடிகளைத் திரட்டினார், உலர்த்தினார், ஏடுகளாகத் தொகுத்தார். சிங்களப் பெயர்களையும் கேட்டறிந்து குறித்துக்கொண்டார். அவர் உழைப்பாளி, கூர்மையான கண்ணுடையவர், ஐயமில்லை. ஆயினும், ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவருக்கு நூற்றுக்கணக்கான செடிகளின் பெயர்கள் காற்றிலே மிதந்து வந்திருக்க முடியாது. யாரோ ஒரு மனிதன் விரலை நீட்டி, இது இன்னது என்று சொல்லியிருத்தல் வேண்டும். செடியின் பெயர் தாளில் ஏறியது. சொன்னவனின் பெயர் ஏறவில்லை.

ஹெர்மன் ஐரோப்பா திரும்பி லெய்டன் பல்கலைக்கழகத்திலே தாவரவியற் பேராசிரியரானார். 1695 இல் மறைந்தார். அவருடைய தொகுதி கை மாறியது. 1740 களில் அது கொப்பன்ஹேகன் நகரத்து அரச மருந்தாளர் ஒருவரிடம் இருந்தது. அவர் அதைச் சுவீடன் நாட்டு லின்னேயசுக்கு அனுப்பிவைத்தார். கீழைத்தேசத்திலே ஒருபோதும் கால் வைக்காத லின்னேயஸ், அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்தே 1747 இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1753 இல் அவர் வெளியிட்ட பெருநூலே இன்றைய தாவரப் பெயரீட்டுக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. அதிலே வரும் நம் செடிகள் பலவற்றின் பெயர்களுக்கு ஹெர்மனின் தாள்களே அடிப்படை. பின்னர் ஆங்கிலச் செல்வந்தரான சேர் யோசப் பாங்ஸ் அத்தொகுதியை 75 பவுணுக்கு வாங்கினார். இன்று அது ஐந்து ஏடுகளாக லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளது.

75 பவுண்! இந்தத் தொகை யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதை வாசகர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். விற்றவரும் ஐரோப்பியர், வாங்கியவரும் ஐரோப்பியர். செடி முளைத்த மண்ணுக்கும் அதைக் காட்டிய மனிதனுக்கும் அந்த வியாபாரத்திலே பங்கு இல்லை.

அறிந்த பெயரைக்கூட லின்னேயஸ் விட்டுவைக்க விரும்பவில்லை. கிரேக்கத்திலோ இலத்தீனிலோ வேர் இல்லாத பேரினப் பெயர்கள் தள்ளத்தக்கவை என்று அவர் விதி வகுத்தார். நம் மொழிகள் அவருக்கு நாகரிகமற்றோரின் மொழிகள். ஆனால் மக்கள் வழக்கின் பலம் விதியினும் பெரிது. முருங்கை 'மொறிங்கா' ஆகவும், தாமரையின் சிங்களப் பெயரான நெலும் 'நெலும்போ' ஆகவும் 1763 இல் பிரெஞ்சு அறிஞர் அதான்சனின் நூலில் இடம்பெற்றன. மலபாரிலிருந்து சென்ற பசளையின் பெயரை லின்னேயசே 'பசெல்லா' என்று ஏற்றுக்கொண்டார். வாசலிலே நிறுத்தப்பட்ட சொற்கள் சில இவ்வாறு சாளரத்தின் வழியாக உள்ளே நுழைந்தன!

அக்காலத்து வழக்கம் அது, வேறு விதமாக நடந்திருக்க இயலாது என்று சிலர் சமாதானம் கூறுவர். இயன்றிருக்கிறது. அதே நூற்றாண்டிலே, அதே கொம்பனியின் ஆட்சியிலே, கொச்சியின் ஆளுநர் வான் றீட் மலபார்த் தாவரங்களைப் பற்றிப் பன்னிரண்டு பாகங்களில் ஒரு நூலை வெளியிடுவித்தார். 1678 இல் வந்த அதன் முதற்பாகத்திலே இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவரின் வாக்குமூலம் அவருடைய எழுத்திலேயே அச்சாகியிருக்கின்றது. சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்ட ஒரு சமூகத்தைச் சேர்ந்த மருத்துவர் அவர். அவருடைய பெயர் மூன்றரை நூற்றாண்டுகளாக நிலைத்து நிற்கின்றது. ஆகவே, பெயரை எழுத விரும்பியபோது எழுத முடிந்தது. எழுதாமல் விட்டது காலத்தின் குற்றம் என்று சொல்லித் தப்ப இடமில்லை.

ஒல்லாந்தருக்குப் பின் ஆங்கிலேயர் வந்தனர். 1821 இல் பேராதனைத் தாவரவியற் பூங்கா நிறுவப்பட்டது. அங்கு வளர்ந்த உலர் தாவரச் சாலையே இன்று நம் தேசிய உலர் தாவரச் சாலையாக விளங்குகின்றது. அங்கே 1823 இல் சேவையிற் சேர்ந்த ஹர்மானிஸ் த அல்விஸ் என்னும் ஓவியர், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் செடிகளை வரைந்தார். அவருக்குப் பின் அவருடைய மைந்தரும் அதே பணியைத் தொடர்ந்தனர். காய்ந்த செடியிலே நிறம் நிற்காது. மலர்ந்தபோது அது எவ்வாறிருந்தது என்பதை அவர்களின் தூரிகையே காத்தது. அத்தியட்சகர்கள் வந்தனர், சென்றனர். நூல்களின் முகப்பிலே அவர்களின் பெயர்களே பொறிக்கப்பட்டன. த அல்விஸ் குடும்பமாவது பெயரளவில் அறியப்பட்டது. பூங்காவின் ஊதியத்திற் காடு காடாக அலைந்து செடி கொணர்ந்த உள்ளூர்ச் சேகரிப்பாளர் பலரோ வரலாற்றில் இல்லை.

அத்தியட்சகர் துவெயிற்ஸ், இலங்கைத் தாவரங்களின் தாள்களை இலக்கமிட்டு ஐரோப்பியச் சாலைகள் பலவற்றுக்கு அனுப்பினார். 'சி. பி.' என்ற எழுத்துக்களோடு கூடிய அவ்விலக்கம் ஒரு சேகரிப்பைக் குறித்ததன்று. ஓர் இனத்தைக் குறித்தது. வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு மனிதர் எடுத்த கிளைகள் ஒரே இலக்கத்தின் கீழ்ச் சேர்ந்தன. ஊரும் நாளும் எடுத்தவர் பெயரும் பல தாள்களில் இல்லாதொழிந்தன. பின்வந்த ஆய்வாளருக்கு இது தீராத தலையிடி. மனிதனின் பெயரை அலட்சியம் செய்யும் விஞ்ஞானம், இறுதியில் தன் சொந்த ஆதாரத்தையும் இழக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அதே காலத்தில் மலைநாட்டிலே நடந்தது என்ன? 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் காடுகளை அரசின் சொத்தாக்கியது. அரசு அவற்றைக் கோப்பித் துரைமாருக்கு விற்றது. ஒருபுறம் தாவரவியலாளர் காட்டின் கிளைகளைத் தாளுக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருந்தனர். மறுபுறம் அந்தக் காடு கோடரிக்கும் நெருப்புக்கும் இரையாகிக்கொண்டிருந்தது. இரு செயல்களும் ஒரே ஆட்சியின் இரு கைகள். 1869 இல் கோப்பி இலைகளிலே செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. துவெயிற்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்கிலி என்னும் பாதிரியார் அதிலிருந்த பங்கசுவை ஆராய்ந்து அவ்வாண்டிலேயே அதற்குப் பெயரிட்டார். இருபது ஆண்டுகளுக்குள் அந்நோய் கோப்பிச் செய்கையை விழுங்கிவிட்டது. கோப்பியின் இடத்திலே தேயிலை வந்தது.

அந்த நோயுற்ற இலைக்குப் பெயர் கிடைத்தது, ஆண்டு கிடைத்தது, விஞ்ஞான ஏட்டிலே அழியாத இடம் கிடைத்தது. மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி நடந்து, கொலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்ட தென்னிந்தியத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? அவன் விழுந்த இடத்தையும் நாளையும் எழுதிவைக்க ஒரு சீட்டுத்தானும் இருந்ததா? அதனினும் கொடிய செய்தி ஒன்று உண்டு. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவனுடைய வழித்தோன்றல்களிடம் தகப்பனும் பாட்டனும் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. சான்று இல்லை என்று பல இலட்சம் மக்கள் நாடற்றோராக்கப்பட்டனர். எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003 வரையும் காத்திருக்க வேண்டியதாயிற்று. காய்ந்த இலைக்கும் பிறப்பிடச் சான்று வைத்திருந்த நாட்டிலே, உயிருள்ள தொழிலாளிக்கு அது இல்லாமற் போயிற்று. விஞ்ஞானத்துக்கு வர்க்கம் இல்லை என்போர் இந்த இரு ஏடுகளையும் அருகருகே வைத்துப் படிப்பார்களாக!

இனி, இந்த விடயத்திலே நம்மிடையே உலவும் இரு தவறான நிலைப்பாடுகளை நோக்குவோம்.

ஒரு சாரார் நன்றியுணர்ச்சியிலே திளைப்பவர்கள். வெள்ளைக்காரன் கொண்டுபோகாவிட்டால் இவையெல்லாம் கறையானுக்கு இரையாகியிருக்கும், அங்கே பத்திரமாக இருக்கின்றன என்பது அவர்கள் வாதம். பத்திரம் என்பது என்ன? 1943 மார்ச் மாதத்திலே பெர்லின் நகரத்து உலர் தாவரச் சாலை குண்டுவீச்சில் எரிந்தது. உலகெங்கிருந்தும் திரட்டிய இலட்சக்கணக்கான தாள்கள், எண்ணற்ற மூலமாதிரிகள் உட்பட, சாம்பலாயின. அது யுத்தகாலம் என்பர். 2024 இல் யுத்தமில்லாத அமெரிக்காவிலே, செல்வம் கொழிக்கும் டியூக் பல்கலைக்கழகம், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட தாள்கள் கொண்ட தன் சாலையை மூடப்போவதாக அறிவித்தது. பேணுவதற்குப் பணமும் இடமும் ஒதுக்க மனமில்லை. இலாபம் தராத அறிவை முதலாளித்துவ நிர்வாகம் எவ்வளவு காலம் சுமக்கும் என்பதை இது காட்டுகின்றது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 நூல்கள் எரிந்ததைக் கண்ட நாம், நெருப்புக்கு வடக்கும் தெற்கும், கீழும் மேலும் தெரியாது என்பதை நன்கறிவோம். ஒரே இடத்திற் குவித்த எதுவும் எங்கும் பத்திரமாக இல்லை. பல இடங்களிற் பகிர்ந்து வைத்ததே பிழைக்கும். மணிலா நகரத்துச் சாலை யுத்தத்தில் 1945 இல் அழிந்தபோது, அங்கிருந்து முன்னரே பிற நாடுகளுக்குச் சென்றிருந்த இரட்டைத் தாள்களே அதை மீளக் கட்டியெழுப்ப உதவின. பகிர்வின் நியாயம் இது. ஆனால் பகிர்வு என்பது ஒருவழிப் பாதையாக இருத்தல் ஆகாது.

மற்றொரு சாரார் பழமைப் பெருமையிலே மயங்குபவர்கள். எல்லாம் நம் ஏட்டிலே உண்டு, மேலைத்தேயத் தாவரவியல் நமக்கு எதற்கு என்று மேடையிலே முழங்குபவர்கள். இவர்கள் தமிழிலும் உளர், சிங்களத்திலும் உளர். ஏட்டிலே பெயர் உண்டு, உண்மை. ஆனால் பிரமி என்றால் எது? ஓரிடத்திலே அது வல்லாரை, இன்னோரிடத்திலே நீர்ப்பிரமி. இரண்டும் வெவ்வேறு செடிகள். சங்கபுஷ்பி என்ற ஒரே பெயரால் இடத்துக்கு இடம் மூன்று நான்கு செடிகள் வழங்குகின்றன. மருந்தென்று எடுக்கும் வேர் எது என்ற ஐயம் வெறும் சொல்லாராய்ச்சி அன்று, உயிர் சம்பந்தப்பட்டது. கார்த்திகைப்பூவின் கிழங்கை உணவுக்கிழங்கு என்று மயங்கி உண்டு இந்நாட்டிலே மாண்டவர்கள் உண்டு. ஒரு பெயரை ஒரு செடியோடு பிரிக்க முடியாதபடி பிணைக்கும் சாட்சியே உலர் தாள். அதை வெறுப்பது தேசப்பற்று ஆகாது. அறியாமைக்குக் கொடி பிடிப்பதாகும்.

அன்றியும், இந்தப் பழமைவாதிகள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஏட்டை எழுதியவர்கள் யார் பெயரை எழுதினார்கள்? மூலிகை கிண்டிய பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலே உண்டு? காட்டிலிருந்து மருந்துவேர் சுமந்து வந்து படலையிலே நின்றவனை வீட்டுக்குள் அழைத்த பரிகாரியார் எத்தனை பேர்? குடும்ப இரகசியம் என்று ஏட்டைப் பெட்டியிற் பூட்டி, அது மக்கிப்போகும் வரையும் வைத்திருந்தவர்கள் அந்நியர் அல்லர், நம்மவரே. கொம்பனியின் சீட்டிலே இல்லாத பெயர் நம் ஏட்டிலும் இல்லை. சுரண்டல் கப்பலேறி மட்டும் வரவில்லை. நம் முற்றத்திலும் விளைந்தது.

அவ்வாறாயின் செய்ய வேண்டியது யாது?

முதலாவது, உலர் தாவரச் சாலையை அரும்பொருட் பெட்டகமாக எண்ணும் மனப்பாங்கு மாற வேண்டும். அது உயிர்ப்போராட்டத்தின் கருவி. குறூடியா சிலனிக்கா என்னும் நம் நாட்டுக்கே உரிய மரம் 2012 ஆம் ஆண்டின் தேசியப் பட்டியலிலே அற்றுப்போனதாகக் குறிக்கப்பட்டது. 2019 இல் கம்பஹாவின் தரலுவவிலே ஒரு மரம் கண்டறியப்பட்டது. 2022 இல் அதிவேகப் பாதைக்காக அதை வெட்ட முற்பட்டபோது மக்கள் எதிர்த்து நின்றனர். அந்த மரத்தின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. பழைய தாள்களும் அவற்றைக் கொண்டு எழுதிய விவரணங்களும் இல்லாதிருந்தால், அது பாதைக்கு இடைஞ்சலான ஏதோ ஒரு மரம். தாள் இருந்தமையாலேயே அதற்காகப் பேச மக்களுக்குச் சொல் இருந்தது. பேராதனைச் சாலைக்குப் போதிய பணமும் பயிற்சி பெற்ற ஊழியரும் வேண்டும் என்று கோருவது ஆடம்பரக் கோரிக்கை அன்று.

இரண்டாவது, மொழி. திரைமனும் ஹூக்கரும் 1893 தொடக்கம் 1900 வரை வெளியிட்ட இலங்கைத் தாவரக் கைந்நூலும், 1980 தொடக்கம் வெளிவந்த அதன் திருத்திய பாகங்களும் அரிய நூல்கள். அவை ஆங்கிலத்திலே உள்ளன. ஹெர்மனின் தாள்களை இன்று இணையத்திலே யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் கண்ணாற் பார்ப்பது வேறு. படித்து விளங்குவது வேறு. முல்லைத்தீவு மாணவியும் மொனராகலை மாணவனும் தம் ஊர்ச் செடியைப் பற்றித் தம் மொழியிலே படிக்க முடியாத வரையில், அத்தாள் திரும்பி வந்ததாகக் கொள்ள முடியாது.

மூன்றாவது, நீதி. 1992 ஆம் ஆண்டின் உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கை ஒவ்வொரு நாட்டின் உயிர்வளமும் அந்நாட்டின் இறைமைக்கு உட்பட்டது என்று ஏற்றது. ஆனால் அதற்கு முந்திய முந்நூறு ஆண்டுகளிற் கப்பலேறியவற்றை அது தொடவில்லை. மூலமாதிரிகளை வைத்திருக்கும் செல்வந்த நாடுகள், அவற்றின் துல்லியமான படங்களையும், இரட்டைத் தாள்கள் உள்ளவிடத்து அவற்றில் ஒன்றையும், தம் செலவிலேயே நமக்கு அனுப்ப வேண்டும். இது இரங்கிக் கேட்கும் தானம் அன்று; பழைய கடனின் ஒரு சிறு பகுதி.

நான்காவது, நம் ஆசிரியரதும் மாணவரதும் கடமை. யுத்தம் நிகழ்ந்த 1983 முதல் 2009 வரையான ஆண்டுகளிலே வடக்குக் கிழக்குக் காடுகளில் எவரும் அச்சமின்றிச் செடி தேடி நடக்க இயலவில்லை. அந்த இடைவெளியை யார் நிரப்புவது? ஒவ்வொரு பாடசாலையும் தன் ஊரின் செடிகளுக்கு ஒரு சிறு உலர் தொகுதியை உண்டாக்கலாம். பழைய செய்தித்தாளும் இரு பலகைகளும் ஒரு கயிறும் போதும். வேரோடு பிடுங்க வேண்டாம்; ஒரு கிளை போதும். ஒற்றையாய் நிற்கும் அரிய செடியாயின் அக்கிளையும் வேண்டாம். படம் எடுத்து இடத்தைக் குறித்தால் போதும். தாளின் சீட்டிலே இலத்தீன் பெயரை எழுதுவோம். தமிழ்ப் பெயரையும் சிங்களப் பெயரையும் எழுதுவோம். ஊரையும் நாளையும் தவறாது எழுதுவோம். அவற்றின் கீழே, இதுவரை எந்தச் சாலையும் வழக்கமாக இடம் விடாத ஒரு வரியைச் சேர்ப்போம்: 'காட்டித் தந்தவர்'.

அந்த வரியிலே வயலிற் களை பிடுங்கும் தாயின் பெயர் வரட்டும். தேயிலை மலையிலே கொழுந்து கிள்ளும் தொழிலாளியின் பெயர் வரட்டும். கடலோரத்து மீனவனின் பெயர் வரட்டும். அவர் இசைந்தால் மட்டும் எழுதுவோம். அவர் சொன்ன மருந்தை விற்று எவரும் செல்வம் சேர்க்க இடங்கொடோம். மக்களே வரலாற்றைப் படைக்கின்றனர் என்று நாம் ஓயாது பேசுகின்றோம். பேசுவதைத் தாளில் எழுதிக் காட்டும் வாய்ப்பு இங்கே நம் கைக்கு எட்டிய தூரத்தில் இருக்கின்றது. அடுத்த தவணையிலே, அடுத்த குளக்கட்டிலே, அதைத் தொடங்குவோம்.